குடிமகனின் நாற்காலி

1

தமிழ் லெக்சிகன் (1924–1936) 'குடிமகன்' என்ற சொல்லுக்குக் கொடுக்கும் அர்த்தங்களில் ஒன்று நாவிதன். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், இரண்டுக்கும் கிழக்கே விரியும் கரிசல் கிராமங்கள் — இந்தப் பகுதியில் என் தாத்தா தலைமுறைக்கு அந்த ஒரு அர்த்தம் மட்டும்தான் தெரியும். சுதந்திரத்துக்குப் பிறகு அரசியல் சட்டத்தைத் தமிழில் பேச வேண்டி வந்தபோது 'சிட்டிஸன்' என்பதற்கும் இதே சொல்தான் புழக்கத்துக்கு வந்தது. சிறுவனாக இருந்தபோது ஒருநாள் குடிமையியல் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். 'நான் ஓர் இந்தியக் குடிமகன்' என்று வந்ததும் பாட்டி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, "நமக்கு எதுக்குலே அந்தப் பொழப்பு?" என்று கேட்டாள்.

அன்று அது வேடிக்கையாக இருந்தது. இன்று பாட்டியின் கேள்விக்குள் ஒரு சரித்திரப் பிரச்னை இருப்பதாகப் படுகிறது. ஊருக்குக் கட்டுப்பட்டவனையும், சட்டத்தின் முன் எவருக்கும் சமமானவனையும் ஒரே சொல் எப்படிக் குறிக்க முடிந்தது? மொழிபெயர்ப்பின் சௌகரியம் என்று தள்ளிவிடலாம். நான் தள்ளத் தயாராக இல்லை. இந்த இரண்டு அர்த்தங்களுக்கும் நடுவில் ஒரு பொருள் கிடக்கிறது. அது சலூன் நாற்காலி. அந்த நாற்காலி எங்கள் ஊர்களுக்கு எப்படி வந்தது, அதைச் சுற்றி ஒரு கடை தினமும் எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தால், நாம் குடிமக்கள் ஆன விதமும் ஆகாமல் நின்ற இடமும் ஓரளவு தெரியும். நம் சரித்திர நூல்களில் கோயில் கல்வெட்டுக்குக் கிடைத்த மரியாதை சவரக்கடையின் விலைப்பலகைக்குக் கிடைத்ததில்லை. ஆனால் அதுவும் ஒரு சாசனம்தான்.

2

தாத்தாவின் வீடு ராஜபாளையத்துக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் இருந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை குடிமகன் வருவார். வாசல் வழியாக அல்ல, புழக்கடை வழியாக. கக்கத்தில் அடைப்பம். அதற்குள் கத்தி, கத்திரி, தீட்டுக்கல், தோல்வார், சின்னக் கண்ணாடி, நகவெட்டி. புங்கமரத்து நிழலில் தாத்தா ஒரு பலகையில் குந்துவார். எதிரே அவர் வெறுந்தரையில் குந்துவார். தண்ணீர் சிரட்டையில். அதைப் பாட்டி எட்டி நின்று ஊற்றுவாள். வேலை முடிந்ததும் தாத்தா யாரையும் தொடாமல், எதையும் தொடாமல், நேரே கிணற்றடிக்குப் போவார்.

அவருக்கு அப்போது அறுபது வயதுக்கு மேல். எனக்கு ஏழு. நான் அவரை "வா, உக்காரு" என்பேன். அவர் என்னை "வாங்க சாமி" என்பார். அவருக்கு ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தோன்றியதில்லை.

காசு கிடையாது. அறுவடை முடிந்து களத்தில் தானியம் அளக்கும்போது அவருக்கு ஒரு பங்கு உண்டு. பழைய வருவாய்க் கணக்குகள் இந்தப் பங்கைச் 'சுதந்திரம்' என்று எழுதும். இதுவும் வேடிக்கையான சொல்தான். கிராமக் குடிமகனுக்குச் சுதந்திரம் என்றால் படியளப்பு. இதைத் தவிரப் பொங்கல், தீபாவளிக்குச் சோறும் பழைய வேட்டியும். கல்யாணத்தில் மாப்பிள்ளைச் சவரத்துக்கு ஒரு வரும்படி. சாவுக்கு ஒரு வரும்படி. இழவுச் செய்தி நள்ளிரவில் வந்தாலும் அவர் வரவேண்டும். சங்கு ஊதுவதிலிருந்து சுடுகாட்டுச் சடங்கு வரை அவர் கை இல்லாமல் நகராது. பிள்ளைப்பேற்றுக்கு அவர் மனைவி. நாவிதர் வீட்டுப் பெண்கள் மருத்துவச்சிகளாக இருந்ததை எட்கர் தர்ஸ்டனும் ரங்காச்சாரியும் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில் பதிவு செய்திருக்கிறார்கள். ஊரில் பிறக்கும்போது முதலில் தொடும் கையும், போகும்போது கடைசியாகத் தொடும் கையும் அந்த ஒரு வீட்டுக் கைகள். அதே கைகள் பட்டதற்காகத்தான் தாத்தா குளித்தார்.

முடி விஷயத்தில் நம் மனசு விசித்திரமானது. தலையில் இருக்கும்வரை அழகு. உதிர்ந்த கணத்தில் தீட்டு. இதை ஸ்ரீவில்லிபுத்தூரைவிட நன்றாக அறிந்த ஊர் இருக்க முடியாது. பெருமாளுக்குக் கட்டிய மாலையில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்ததைக் கண்டு பெரியாழ்வார் பதறினார் என்பதிலிருந்துதான் அந்த ஊரின் கதையே தொடங்குகிறது. கதையில் பெருமாள் அந்த மாலையைத்தான் கேட்டார். ஆண்டாள் சூடிக்கொடுத்த நாச்சியார் ஆனாள். ஒரு முடி தீட்டாகாமல் போனதைத் தேர் இழுத்துக் கொண்டாடும் ஊரில், முடியை எடுத்தவர் தீட்டாகவே இருந்தார். பக்தி ஒரு விதிவிலக்கை உண்டாக்கியது. விதி அப்படியே நின்றது.

3

விதியைக் கொஞ்சம் அசைத்தது ரயிலும் மில்லும். விருதுநகரிலிருந்து தென்காசிக்கு 1927இல் ரயில்பாதை வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரும் ராஜபாளையமும் ஸ்டேஷன்கள் ஆயின. 1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். மில் என்றால் ரொக்கக் கூலி. ரொக்கக் கூலி வாங்குபவனுக்குக் களம் கிடையாது. களம் இல்லாதவன் படியளக்க முடியாது. அவன் தலை வளரும்போது காசைக் கொடுத்து வெட்டிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். பள்ளிக்கூடமும் போலீஸும் பட்டாளமும் ஏற்கெனவே குடுமியைக் கத்தரிக்க ஆரம்பித்திருந்தன. 'கிராப்' என்ற ஆங்கிலச் சொல் 'கிராப்பு' ஆகி, தியாகராஜ பாகவதர் புண்ணியத்தில் 'பாகவதர் கிராப்பு' ஆகி, பட்டிக்காடு வரை போயிற்று. குடுமிக்குக் கத்தி போதும், மரத்தடி போதும். கிராப்புக்குக் கத்திரி, சீப்பு, கையால் அமுக்கும் மெஷின், பின்கழுத்தைப் பார்க்க இரண்டாவது கண்ணாடி எல்லாம் வேண்டும். கிராப்பு ஒரு கடையைக் கேட்டது.

கடைக்கு நாற்காலி வந்தது. இதன் கனத்தை உணர கி. ராஜநாராயணனின் 'நாற்காலி' கதையை நினைத்துக்கொள்ள வேண்டும். கரிசல் வீட்டுக்கு ஒரு நாற்காலி வருகிறது. ஊரில் யார் இறந்தாலும் பிணத்தை உட்காரவைக்க அதைக் கேட்டு வந்துவிடுகிறார்கள். வீட்டார் அதில் உட்காரவே பயப்படுகிறார்கள். நாற்காலி அத்தனை அபூர்வமாக இருந்த பிரதேசம் இது. எங்கள் பக்கத்தில் எத்தனையோ பேர் உயிரோடு முதன்முதலாகக் கைவைத்த நாற்காலியில் முதுகு சாய்த்து உட்கார்ந்தது சலூனில்தான் என்று நான் நினைக்கிறேன். என் அப்பாவுக்கு அப்படித்தான். குழந்தை என்பதால் நாற்காலியின் இரண்டு கைகளுக்கும் குறுக்கே ஒரு பலகை போட்டு அதன்மேல் ஏற்றி உட்காரவைத்தார்களாம். "ராஜா மாதிரி இருந்தது" என்பார்.

நாற்காலி செய்த இன்னொரு காரியமும் உண்டு. மரத்தடியில் இருவரும் குந்தியிருந்தார்கள். ஆனால் ஒருவர் பலகையில், ஒருவர் தரையில். கடையில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், மற்றவர் நிமிர்ந்து நிற்கிறார். "தலையக் குனிங்க", "இந்தப் பக்கம் திரும்புங்க", "அசையாதீங்க" — கட்டளையெல்லாம் நிற்பவருடையது. எதிர்க் கண்ணாடியில் இரண்டு முகங்களும் ஒரே சட்டத்துக்குள் தெரிகின்றன. தாத்தா தன் குடிமகனோடு சேர்த்துத் தன் முகத்தை வாழ்நாளில் ஒருமுறையும் கண்ணாடியில் பார்த்திருக்க மாட்டார்.

4

இனி கடை நடக்கும் விதம். நான் பதினைந்து வருஷமாகப் போகிற ராஜபாளையத்துக் கடை ஒன்றை வைத்துச் சொல்கிறேன். மூன்று நாற்காலி. முதலாளியும் தொழிலாளிதான், முதல் நாற்காலி அவருடையது. மற்ற இரண்டிலும் வேலை செய்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது, பங்கு. வெட்டிய காசில் பாதி வெட்டியவருக்கு, பாதி கடைக்கு. கடைப் பாதியிலிருந்து வாடகை, கரண்டு, பிளேடு, சோப்பு, பவுடர், துணி வெளுப்பு. மூன்றாவது நாற்காலிக்கு ஆள் வராத நாளில் அவருக்கு இரட்டை நஷ்டம் — கடைப் பங்கும் போகும், காத்திருக்கப் பொறுமையில்லாத வாடிக்கையும் போகும்.

காலை ஏழு மணிக்குத் திறப்பு. முந்தின நாள் முடியைக் கூட்டி, தண்ணீர் தெளித்து, படத்துக்கு ஊதுபத்தி. போணி ரொக்கமாக இருக்கவேண்டும். முதல் தலை கடன் என்றால் நாள் முழுக்கக் கடன் என்பது நம்பிக்கை. பதினொன்று வரை கூட்டம். மத்தியானம் ஒன்றிலிருந்து நான்கு வரை நாற்காலிகள் காலி. அந்த நேரத்தில் கத்திரி சாணை பிடிக்கப் போகும், ஒருவர் பெஞ்சில் தூங்குவார். மாலை மறுபடி. ஞாயிறு ஒருநாள் வருமானம் மூன்று நாளுக்குச் சமம். வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் மந்தம். கார்த்திகை பிறந்து மாலை போட்டுவிட்டால் தை வரை பலர் தாடியோடு அலைவார்கள். சபரிமலைக்குப் போகிற பாதையில் இருக்கிற ஊர் என்பதால் அடி பலமாக விழும். தீபாவளிக்கு முந்தின ராத்திரி கடை மூடுவதேயில்லை.

இரண்டு ஊர்க் கடைகளுக்கும் காலக்கணக்கு வேறு. ராஜபாளையத்தில் ஷிப்டு விட்டதும் கூட்டம் வரும், சம்பள நாளுக்கு அடுத்த நாள் பெஞ்சு நிறையும். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரமும் பங்குனிப் பூக்குழியும்தான் கணக்குப்பிள்ளை. பன்னிரண்டு கிலோமீட்டர் இடைவெளியில் ஒரு தொழில் ஓர் ஊரில் மில்லின் சங்குக்கும் இன்னோர் ஊரில் கோயில் பஞ்சாங்கத்துக்கும் நடக்கிறது.

இவற்றையெல்லாம்விட முக்கியமாக எனக்குத் தோன்றுபவை மூன்று. ஒன்று, சுவரில் தொங்கும் விலைப்பலகை. முடி திருத்துவோர் சங்கம் அச்சடித்துக் கொடுத்தது. கட்டிங் இவ்வளவு, ஷேவிங் இவ்வளவு, சிறுவர்க்கு இவ்வளவு. அதில் பேரம் கிடையாது. களத்தில் கை கொடுத்ததைத் துண்டில் ஏந்திய தகப்பனுக்குப் பிறந்தவர், தன் வேலைக்கு இதுதான் விலை என்று எழுதி மாட்டியிருக்கிறார். இரண்டு, செவ்வாய்க்கிழமை. 1947ஆம் வருஷத்துச் சென்னைக் கடைகள் நிறுவனங்கள் சட்டம் கடைகளுக்கு வாரத்தில் ஒருநாள் முழு அடைப்பு வேண்டும் என்றது. தமிழ்நாட்டுச் சவரக்கடைகள் செவ்வாயை எடுத்துக்கொண்டன. நள்ளிரவில் கூப்பிட்டாலும் வரவேண்டியிருந்த குடிமகன் முதன்முறையாக ஊரைப் பார்த்து "இன்றைக்கு வராதே" என்று சொன்னது அந்தப் பூட்டு மூலம்தான்.

மூன்று, முறை. பெஞ்சில் தினத்தந்தி நான்கு துண்டாகக் கிடக்கும். வந்தவர் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, தனக்கு முன்னால் யார் என்று மட்டும் கண்ணால் குறித்துக்கொள்வார். "அடுத்து யாரு?" என்ற குரலுக்கு ஒருவர் எழுவார். கோயிலில் பரிவட்டத்துக்கு வரிசை உண்டு, அது பிறப்பின் வரிசை. வங்கிக் கவுண்டரிலும் வரிசை உண்டு. மேனேஜர் அறைக்குள் நுழைய முடிந்தவருக்கு அது பொருந்தாது என்பது இருபக்கமும் இருந்து பார்த்த எனக்குத் தெரியும். சவரக்கடை வரிசை வந்த நேரத்தின் வரிசை. எங்கள் ஊரில் நான் கண்ட வரிசைகளில் ஓரளவு நேர்மையானது அதுதான்.

5

ஆனால் யார் அந்த வரிசையில் சேரலாம்? இங்கேதான் சரித்திரம் முகம் கோணுகிறது.

கிராமத்துக் குடிமகன் ஊரின் குடிமகனே தவிரச் சேரியின் குடிமகன் அல்ல. சேரித் தலையைத் தொட்ட கத்திக்கு ஊர்த் தலை குனியாது, படியளப்பு நின்றுபோகும். தன்னைத் தீட்டு என்று ஒதுக்கியவர்களின் தீட்டை அவர் காவல்காக்க வேண்டியிருந்தது. இதில் அவர் குற்றவாளியா, கைதியா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன். ஒன்றை மட்டும் சொல்வது நமக்குச் சௌகரியம், அவ்வளவே. கடை வந்தபோது இந்த ஏற்பாடு உடைந்திருக்க வேண்டும். காசு கொடுத்தால் சேவை என்பதுதானே கடையின் தர்க்கம். உடையவில்லை என்பதால்தான் சட்டம் அதைப் பற்றிப் பேச நேர்ந்தது.

1948 நவம்பர் 29ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில், பின்னால் பதினைந்தாவது ஷரத்து ஆன பிரிவு விவாதத்துக்கு வந்தது. கடைகளுக்குள் நுழைய யாரையும் தடுக்கக்கூடாது என்கிற பிரிவு. 'கடை' என்றால் சலவைக் கடையும் சவரக்கடையும் அதில் அடங்குமா என்ற கேள்வி எழுந்தது. கேள்வி கேட்டவருக்குத் தன் ஊர் தெரிந்திருந்தது. அம்பேத்கர் தந்த விளக்கம் மிக விரிவானது: இங்கே கடை என்பது உள்ளே நுழைவதை மட்டும் குறிக்கவில்லை, சேவையைத் தரத் தயாராக ஒருவர் இருக்கும் இடம் எதுவும், அந்தச் சேவையைக் கேட்டு வருகிறவர் எவருக்கும், கடைதான். 1955இல் வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் 'கடை'யின் வரையறையிலேயே சலவையகத்தையும் முடி வெட்டும் சலூனையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. 1976இல் அதற்குக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. பாட்டியின் குடிமகனும் அரசியல் சட்டத்தின் குடிமகனும் ஒரே வாக்கியத்தில் சந்தித்துக்கொண்டது இந்தச் சட்டத்தில்தான்.

சட்டம் சொன்னதும் கிராமத்தில் நடந்ததும் வேறு. என்னோடு கேஷ் கவுண்டரில் இருந்த நண்பர் சொன்னது: அவர் ஊர் பஸ் ஸ்டாப்பிலேயே ஒரு சலூன் இருந்தது. அவர் தெருப் பையன்கள் போனால் அங்கே யாரும் "வெட்டமாட்டேன்" என்று சொன்னதில்லை. "ஆள் இருக்கு", "பிளேடு தீந்துபோச்சு", "சாயங்காலம் வா" என்பார்கள். சாயங்காலம் கடை பூட்டியிருக்கும். ஆகவே ஞாயிறுதோறும் நாலைந்து பேராகச் சைக்கிளில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு. அங்கே கடைக்காரர் ஏறிட்டுப் பார்த்து, "கட்டிங்கா, ஷேவிங்கா?" என்று மட்டும் கேட்டாராம். "அந்தக் கேள்விக்காகத்தான் சைக்கிள் மிதிச்சோம்" என்றார் நண்பர். அவர் கதையில் நடந்தது 1990களில். இப்படிப்பட்ட செய்திகள் இந்த நூற்றாண்டிலும் தமிழ்நாட்டுப் பத்திரிகைகளில் வருகின்றன.

6

நாற்காலிக்குப் பின்னால் நின்றவருக்கு என்ன கிடைத்தது? லண்டனில் நாவிதரும் ரணசிகிச்சைக்காரரும் 1540இல் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டார்கள், 1745இல் பிரிந்தார்கள். பிரிந்த மருத்துவர் மேலே போனார், நாவிதர் கத்திரியோடு நின்றார். இங்கே பிரிவினை அப்படி நடக்கவில்லை. வைத்தியம் அந்த வீட்டைவிட்டே எடுக்கப்பட்டது. 1914இல் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம், பிறகு சர்க்கார் ஆஸ்பத்திரி, நகராட்சி மருத்துவச்சி. சித்த வைத்தியரான ஆனந்தம் பண்டிதர் 'மருத்துவன்' என்று ஒரு பத்திரிகையே நடத்தி, தம் சமூகத்தின் வைத்திய உரிமைக்காக எழுதினார். ஆனால் தொழில் போனபிறகு பெயர்தான் மிஞ்சியது. 1989இல் தமிழ்நாட்டில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற பிரிவு ஏற்பட்டபோது பட்டியலில் மருத்துவர், நாவிதர், மங்களா, பிராணோபகாரி என்று பெயர்கள் வரிசையாக ஏறின. பிராணனுக்கு உபகாரம் செய்கிறவர்! மரத்தடியில் சிரட்டைத் தண்ணீர் வாங்கியவருக்கு இப்படி ஒரு பெயர் இருந்ததைத் தாத்தாவிடம் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்.

கத்தியும் மாறியது. 1986இல் சென்னையில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. தொடர்ந்த வருஷங்களில் தோல்வாரில் தீட்டும் கத்தி கடைகளிலிருந்து போய், பாதி பிளேடு செருகும் கத்தி வந்தது. காகிதத்தோடு சேர்த்து பிளேடை ஒடித்து, ஒரு பாதியை உங்கள் கண்முன் செருகிக் காட்டிவிட்டுத்தான் கடைக்காரர் கன்னத்தில் வைப்பார். பழைய காலத்தில் வாடிக்கைக்காரர் குடிமகனின் தீட்டுக்குப் பயந்தார். இப்போது ஒவ்வொருவரும் தனக்கு முன்னால் உட்கார்ந்தவரின் ரத்தத்துக்குப் பயந்தார்கள். இந்தப் பயத்தில் ஜாதி கிடையாது, அந்த அளவுக்கு இது முன்னேற்றம்.

இன்றைய பிரச்னை வேறு. எங்கள் கிளைக்குக் கடைக்காரர் முத்ரா கடன் கேட்டு வந்தார். 2015இல் ஆரம்பித்த திட்டம். அதில் 'சிசு' பிரிவு ஐம்பதாயிரம் வரை. ஏற்றி இறக்கும் நாற்காலி ஒன்று, ஏ.சி. ஒன்று. "எதுக்கு அண்ணாச்சி ஏ.சி.?" என்றேன். "எதிர்ல வந்துட்டான்ல சார்" என்றார். எதிரே கண்ணாடிக் கதவோடு ஒரு சலூன் திறந்திருந்தது. 2000இல் சென்னையில் நேச்சுரல்ஸ் தொடங்கியது முதல் இந்தத் தொழிலில் வெளிமுதல் புகுந்தது. இப்போது எங்கள் மாதிரி ஊர்களிலும் அதன் சாயலில் கடைகள். முதல் போட்டவர் வேறு ஜாதி, அவர் கையில் கத்திரி கிடையாது. வெட்டுகிறவர்கள் சம்பளத்துக்கு, அவர்களில் சிலர் இந்தி பேசுகிறார்கள். யாருக்கும் யார் ஜாதியும் தெரியாது. இது நாம் கேட்ட சமத்துவம்தானே என்று சொல்லத் தோன்றும். ஆனால் தொழில் இழிவாக இருந்தவரை ஒரு ஜாதியின் தலையில் கிடந்தது. கௌரவம் வந்ததும் முதல் உள்ளவனிடம் போகிறது. இழிவைச் சுமந்ததற்கு அந்த ஜாதிக்கு இருந்த ஒரே நஷ்டஈடு கடையின் சொந்தக்காரராக இருப்பது. அதுவும் இப்போது நகர்கிறது. கடைக்காரரின் மகன் என்ஜினியரிங் படித்திருக்கிறான். கத்திரி எடுக்கமாட்டேன், இழவு வீட்டுக்கும் போகமாட்டேன் என்கிறானாம். சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை.

7

2020 மார்ச் 25 முதல் கடைகள் அடைபட்டன. ஏறத்தாழ இரண்டு மாதம் ஊரெல்லாம் வீட்டுக் கத்திரியால் கொத்திய தலைகள். திறந்தபிறகு, அந்த ஜூன் மாதம் அரசு வெளியிட்ட விதிமுறை, வருகிறவர்களின் பெயர், முகவரி, தொலைபேசி எண், ஆதார் எண் எல்லாம் எழுதி வைக்கச் சொன்னது. நான் போனபோது கடைக்காரர் ஒரு பள்ளிக்கூட நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தயங்கினார்.

"சார், ஆதார் கேக்கணுமாம். தப்பா நெனைக்காதீங்க."

பெயரே கேட்காமல் உட்காரவைக்க முடிந்த ஓர் இடம் ஊரில் இருந்தது. நண்பர் அதற்காகத்தான் சைக்கிள் மிதித்தார். அங்கேயும் இப்போது நம்பர் கேட்கிறார்கள். நான் கார்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் என் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினார். பதினைந்து வருஷத்தில் அன்றைக்குத்தான் அவருக்கு என் பெயர் தெரிந்தது. அவர் பெயர் எனக்குத் தெரியும், கடன் பத்திரத்தில் பார்த்திருக்கிறேன். ஆனால் இதுவரை அவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அண்ணாச்சி என்றுதான்.

சில மாதத்தில் விதிமுறை தளர்ந்தது. நோட்டு இன்னும் கடையில் கிடக்கிறது. முதல் ஆறு பக்கத்தில் எங்கள் பெயர்களும் எண்களும். மீதிப் பக்கங்களில் வரவு செலவு எழுதுகிறார்.